பேருருவ நாய்களோடு வாழ்ந்த கதைகள்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகள் ஒரு கிரேட் டேன் இருந்தது. பீமன் என்று பெயர். அது வருவதற்கு முன்பும், இருந்தபோதும், போன பின்பும் பெரிய நாய்களோடு வாழ்ந்தவர்கள் எழுதிய நூல்களைத் தேடிப் படித்து வருகிறேன். இந்த நூல்களைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு என்னால் இயன்ற விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாய்களைப் பற்றிய நூல்கள் ஏராளமாக இருக்கும்போது, பேருருவ நாய்களைப் பற்றியவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க என்ன காரணம்?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது இடம். சிறிய நாய் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டின் ஒழுங்குக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளும். எழுபது கிலோ எடையுள்ள நாய் வந்தால் வீடுதான் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் இனத்து ஆண் நாயின் தோள் உயரம் குறைந்தது 81 செ.மீ. இருக்க வேண்டும் என்று அமெரிக்க இன வரையறை சொல்கிறது. நாம் உட்கார்ந்து சாப்பிடும் மேசைகளின் உயரம் பெரும்பாலும் 75 செ.மீ. தான். அதாவது அந்த நாயின் தலையை விட்டுவிடுங்கள், தோளே மேசைக்கு மேலே நிற்கிறது. மேசையில் இருப்பதை எடுக்க அது எகிற வேண்டியதில்லை, குனிய வேண்டும். இப்படிப்பட்ட ஓர் உயிரோடு வாழ்பவர் எதை எங்கே வைப்பது, எந்தக் கதவை எப்போது மூடுவது, இரவில் நடைவழியைக் கடக்கும்போது காலை எங்கே ஊன்றுவது என்று ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறார். அந்தக் கற்றலைத்தான் நல்ல நூல்கள் பதிவு செய்கின்றன.

இரண்டாவது காரணம் காலம், என் பார்வையில் இதுவே முக்கியமானது. கிரேட் டேன் பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை வாழ்கிறது. ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டின் ஆயுள் பல வேளைகளில் அதைவிடவும் குறைவு. ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பை முடிக்கும் காலத்துக்குள் அந்த நாய் குட்டியாக வந்து, இளமையைக் கடந்து, முதுமை எய்தி, போய்விடுகிறது. மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர் பல பத்தாண்டுகளைத் தாவித்தான் எழுத முடியும். பெரிய நாயோடு வாழ்ந்தவரோ ஒரு முழு ஆயுளை, தொடக்கம் முதல் முடிவு வரை, தம் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்தே எழுதிவிட முடிகிறது. இந்நூல்களுக்கு இயல்பாகவே ஒரு முழுமை வாய்ப்பது இதனால்தான். சிறிய நாயைப் பற்றி எழுதுபவருக்கு அது அவ்வளவு எளிதில் கிட்டுவதில்லை.

நாய் வளர்த்த அனுபவமே இல்லாதவர் இவற்றை ரசிக்க முடியுமா?

முடியும். ஓர் உயிர் நம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறது, ஆனால் நம் மொழி அதற்குத் தெரியாது, அதன் விருப்பங்களை நாம் ஊகிக்க மட்டுமே முடியும் என்ற நிலையே இந்நூல்களின் அடிப்படை. கைக்குழந்தையைப் பராமரித்தவருக்கும், பேச்சிழந்த பெற்றோருக்கு அருகில் இருந்து பணிவிடை செய்தவருக்கும் அந்த நிலை நன்றாகத் தெரியும். நாய்களைக் கண்டு அஞ்சும் உறவினர் ஒருவர் என்னிடமிருந்து வாங்கிச் சென்ற நூல்களை ஒன்றுவிடாமல் படித்து முடித்தார். நாயின் மீதிருந்த அச்சம் அவருக்குக் குறையவில்லை. வாசிப்பின்பம் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது.

எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

உங்கள் மனநிலையைப் பொறுத்தது. மூன்று நூல்களைச் சொல்கிறேன், மூன்றும் முற்றிலும் வேறுபட்டவை.

சிரித்துக்கொண்டே படிக்க விரும்புபவர்கள் ஜான் க்ரோகன் 2005இல் வெளியிட்ட ‘மார்லி அண்ட் மீ’ நூலில் தொடங்கலாம். மார்லி ஒரு லாப்ரடார். கிரேட் டேனோடு ஒப்பிட்டால் அது பெரிய நாய் அல்ல, ஆனால் தன் இனத்துக்கு அளவு மீறி வளர்ந்த நாய். இடி இடித்தால் சுவரைப் பிறாண்டிப் பெயர்க்கும். பயிற்சி வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட பெருமையும் அதற்கு உண்டு. க்ரோகன் செய்தித்தாளில் பத்தி எழுதியவர். மார்லி இறந்தபின் அதைப் பற்றி எழுதிய ஒரு பத்திக்கு வாசகர்களிடமிருந்து பல நூறு மடல்கள் வந்தன. அந்த வரவேற்பிலிருந்து பிறந்ததே இந்நூல். பத்தி எழுத்தாளரின் கைப்பழக்கம் இதில் தெரியும்: ஒவ்வொரு நிகழ்வும் சிறியது, விரைவாக நகர்வது, ஒரு சிரிப்பிலோ ஒரு பெருமூச்சிலோ முடிவது.

எழுத்தின் கூர்மைக்காகப் படிப்பவர்களுக்கு ஜே. ஆர். ஆக்கர்லி 1956இல் வெளியிட்ட ‘மை டாக் டுலிப்’ நூலைப் பரிந்துரைக்கிறேன். டுலிப் என்பது நூலுக்காகச் சூட்டிய பெயர். அந்த அல்சேஷன் நாயின் உண்மைப் பெயர் குவீனி. ஆக்கர்லி இலண்டனில் ‘த லிஸனர்’ இதழின் இலக்கியப் பகுதி ஆசிரியராக நீண்ட காலம் பணியாற்றியவர். நாயின் மலம், சிறுநீர், இனச்சேர்க்கை எதையும் அவர் மறைக்கவில்லை என்பதால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வெளிப்படைத்தன்மையே நேர்மையாகப் படுகிறது. நூலின் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. கால்நடை மருத்துவர் எவராலும் டுலிப்பைத் தொட்டுப் பார்க்க இயலவில்லை, அத்தனை மூர்க்கமாகக் குரைக்கிறது. கடைசியாக ஒரு பெண் மருத்துவர் ஆக்கர்லியை அறைக்கு வெளியே போகச் சொல்கிறார். அவர் போனதும் நாய் அமைதியாகிவிடுகிறது. அத்தனை நாளும் அது குரைத்தது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல, அவரைக் காப்பதற்காக. தம் நாயைத் தாம் நன்கு அறிந்திருப்பதாக எண்ணிய ஒருவருக்கு அந்த எண்ணம் தவறென்று புலப்படும் அந்தக் கணத்துக்காகவே நான் இந்நூலை மீண்டும் மீண்டும் எடுக்கிறேன்.

புனைகதை வேண்டுவோருக்கு சிக்ரிட் நூன்யெஸ் எழுதிய ‘த ஃப்ரெண்ட்’ நாவல். 2018இல் வெளிவந்து, அதே ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. தற்கொலை செய்துகொண்ட நண்பர் ஒருவர் விட்டுச்சென்ற கிரேட் டேனை, நாய் வளர்க்க அனுமதியில்லாத ஒரு சிறிய நியூயார்க் குடியிருப்பில் தனியாக வாழும் எழுத்தாளர் ஒருத்தி ஏற்றுக்கொள்ள நேர்கிறது. வீட்டையே இழக்கும் அபாயம் அவளுக்கு. நாய்க்கும் துக்கம், அவளுக்கும் துக்கம். இரண்டில் ஒன்றுதான் பேசக்கூடியது. அவள் அந்த நாய்க்கு உரக்கப் படித்துக் காட்டும் பகுதிகளை இரவின் அமைதியில் படித்துப் பாருங்கள்.

உண்மை அனுபவம் என்று சொல்லப்படும் நூல்களில் எல்லாமே உண்மைதானா?

எல்லாம் என்று சொல்ல முடியாது. ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தம் பூடில் நாய் சார்லியோடு அமெரிக்காவைச் சுற்றி வந்த பயணத்தை ‘டிராவல்ஸ் வித் சார்லி’ என்ற பெயரில் 1962இல் வெளியிட்டார். பூடில் என்றதும் மடியில் அடங்கும் நாயை எண்ண வேண்டாம். சார்லி ஸ்டாண்டர்ட் பூடில் வகையைச் சேர்ந்த பெரிய நாய். அவர்கள் சென்ற வண்டிக்கு டான் குயிக்சாட்டின் குதிரையின் பெயரான ரோசினாந்தே என்பதைச் சூட்டியிருந்தார். நூலில் வரும் உரையாடல்கள் பலவும் சொன்ன இடத்தில் சொன்னபடி நடந்திருக்குமா என்று பிற்காலத்தில் கேள்வி எழுந்தது. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையே நூலை வரிக்கு வரி நிகழ்ந்ததாகக் கொள்ளக் கூடாது என்று வாசகரை எச்சரித்தது.

இது தெரிந்தபின் நூலின் மதிப்பு எனக்குக் குறையவில்லை, ஆனால் படிக்கும் முறை மாறியது. வழியில் சந்தித்த மனிதர்கள் பேசியதை நாவலில் வரும் பேச்சாக எடுத்துக்கொள்கிறேன். சார்லியைப் பற்றிய குறிப்புகளை அப்படியே நம்புகிறேன். காலையில் எசமானரை எழுப்புவதற்கு ஒரு நாய் கையாளும் வழிகளை எவரும் உட்கார்ந்து கற்பனை செய்ய மாட்டார்கள். நாயோடு வாழ்ந்தவருக்கு அந்த வேறுபாடு ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்: பார்த்து எழுதிய நாய் எதிர்பாராததைச் செய்யும், கற்பனை நாய் கதைக்குத் தேவையானதை மட்டுமே செய்யும்.

கடைசியில் நாய் இறந்துவிடுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், கேட்பதற்குத் தயங்கவும் வேண்டாம். ஒரு கதையில் நாய் இறக்கிறதா என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதற்கென்று தொடங்கப்பட்ட ஓர் இணையதளமே இருக்கிறது. ‘த ஃப்ரெண்ட்’ நாவலின் கதைசொல்லியும் வாசகர் மனத்தில் இந்தக் கேள்வி ஓடும் என்பதை அறிந்தே பேசுகிறாள்.

நினைவுக் குறிப்பு நூல்களில் பெரும்பாலும் ஆம் என்பதே விடை. முன்பு சொன்ன கால அளவே இதற்குக் காரணம். ஒருவர் ஒரு நாயைப் பற்றி நூல் எழுத உட்காரும்போது அது பெரும்பாலும் இல்லாமல் போயிருக்கும். இல்லாமல் போனதால்தான் அவர் எழுதவே உட்காருகிறார். ஆகவே அட்டைப்படத்தில் ஒரு பெரிய நாய் உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், கடைசி இரண்டு அத்தியாயங்களை வீட்டில் வைத்துப் படியுங்கள், பேருந்தில் வேண்டாம்.

ஆனால் சாவு வருகிறது என்பதற்காக ஒரு நூலைத் தவிர்க்க வேண்டியதில்லை. அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணீரை வரவழைப்பதற்கென்றே அந்தப் பக்கங்களை நீட்டி முழக்கும் நூல்களை நான் பாதியிலேயே மூடியிருக்கிறேன். நல்ல நூலில் அந்தப் பகுதி பெரும்பாலும் சிறியது. படிக்கட்டு ஏற முடியாமல் போன நாள், தண்ணீர்க் கிண்ணத்தை உயர்த்தி வைத்த நாள், நடைப்பயிற்சியின் தூரம் பாதியான நாள் என்று முன்னரே பல பக்கங்களில் சிந்திக் கிடக்கும் குறிப்புகளே பெரும்பாலான வேலையைச் செய்துவிட்டிருக்கும்.

பெரிய நாய்களின் ஆயுள் ஏன் இவ்வளவு குறைவு? நூல்களில் அடிக்கடி வரும் ‘வயிறு முறுக்கிக்கொள்ளுதல்’ என்பது என்ன?

விலங்குலகில் யானை எலியைவிட நீண்ட காலம் வாழ்கிறது. நாய்களுக்குள் மட்டும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பிறக்கும்போது அரைக் கிலோ அளவில் இருக்கும் கிரேட் டேன் குட்டி ஓராண்டில் ஐம்பது கிலோவைத் தொடும். இந்த அசுர வளர்ச்சிக்கு உடல் கொடுக்கும் விலைதான் குறுகிய ஆயுள் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, உடல் எடையில் கூடும் ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது என்று கணக்கிட்டது. பெரிய நாய்கள் சீக்கிரம் இறப்பதற்கு அவை வேகமாக முதுமையடைவதே முக்கியக் காரணம் என்றும், முதுமை தொடங்கும் வயதுக்கும் உடல் அளவுக்கும் தெளிவான தொடர்பில்லை என்றும் அது கண்டது.

வயிறு முறுக்கிக்கொள்வது ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட பெரிய இனங்களைத் தாக்கும் அவசர நிலை. இரைப்பையில் காற்று நிறைந்து உப்பி, இரைப்பை தன் அச்சிலேயே சுழன்று, உள்ளே போகவும் வெளியே வரவும் வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். இரத்த ஓட்டமும் தடைபடும். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிப்பதும், வயிறு உப்பி இறுகுவதும் அடையாளங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் உயிர் போய்விடும். கிரேட் டேன் இனத்துக்கு இந்த அபாயம் மிக அதிகம் என்பதால், இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் அறுவையை முன்னெச்சரிக்கையாகவே செய்துகொள்வோரும் உண்டு. மார்லியின் கதையிலும் இந்த நோய் வருகிறது. அந்நூலை முன்பே படித்திருந்ததால்தான் ஒரு நள்ளிரவில் பீமன் வெறும் வயிற்றோடு குமட்டிக்கொண்டு நின்றபோது காலைவரை காத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அன்று அது பிழைத்தது.

இந்நூல்களில் வரும் விசித்திரப் பழக்கங்கள் அந்தந்த இனத்துக்கு உரியவையா, அந்த ஒரு நாய்க்கு மட்டுமே உரியவையா?

இரண்டும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தறிவதில் இருக்கும் இன்பத்தை நான் மிகவும் விரும்புகிறேன்.

கிரேட் டேன் தனக்குப் பிடித்தவர் மீது உடலைச் சாய்த்து முழு எடையையும் போட்டு நிற்கும். சோஃபாவில் பின்பாகத்தை வைத்து, முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, விருந்தாளி மாதிரி உட்காரும். மகிழ்ச்சியில் வாலைச் சுவரில் அடித்து, நுனி கிழிந்து இரத்தம் சிந்தியபடி வீடெங்கும் திரியும். இந்தக் காட்சிகள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் எழுதியவர்களிடமும் திரும்பத் திரும்ப வருகின்றன. (இந்த நாய்க்கு டென்மார்க்கோடு தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த இனம் உருவானது ஜெர்மனியில்.) நியூஃபவுண்ட்லேண்ட் நாய்க்கு விரல்களுக்கிடையே சவ்வும், நீர் ஊடுருவாத அடர்ந்த மயிரும் உண்டு, நீரில் மூழ்குவோரைக் கரைசேர்ப்பதில் பேர் பெற்றது. நன்றாக நீந்திக்கொண்டிருப்பவரையும் அது விடாப்பிடியாகக் கரைக்கு இழுத்துவரும் கதைகள் அந்த இனத்தை வளர்த்தவர்களிடம் நிறைய உண்டு. தலையை ஒரு முறை உதறினால் அதன் எச்சில் எதிர்ச்சுவர் வரை போகும்.

இவை இனத்தின் குணங்கள். ஆனால் இவற்றோடு நின்றுவிடும் நூல் இனக் கையேடாகத்தான் இருக்கும். ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்ற பழமொழிக்கு, கல்லில் வடித்த நாயைப் பற்றியது என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு: சிற்பத்தில் நாயைப் பார்ப்பவர் கண்ணுக்குக் கல் மறைந்துவிடும், கல்லைப் பார்ப்பவர் கண்ணுக்கு நாய் மறைந்துவிடும். இந்நூல்களை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இனம் என்பது கல். அதிலிருந்து ஒரே ஒரு நாய் எழுந்து வர வேண்டும். எல்லா கிரேட் டேன்களும் சாய்ந்து நிற்கும். பீமன் அழுகிறவர்கள் மீது மட்டும் சாயாது; ஓரடி தள்ளி உட்கார்ந்து, அவர்கள் முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படி ஒன்றைக் கண்டு எழுதியவரிடம் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

இது அண்மைக் காலத்தில் தோன்றிய நூல்வகையா?

இல்லை. ஆங்கில இலக்கியத்தில் இதற்கு நீண்ட வேர் உண்டு. கவிஞர் பைரன் வளர்த்த போட்ஸ்வெய்ன் என்ற நியூஃபவுண்ட்லேண்ட் 1808இல் வெறிநோயால் இறந்தது. தம் பரம்பரை மாளிகையான நியூஸ்டெட் அபியில் அதற்கு அவர் எழுப்பிய நினைவுச்சின்னமும் அதில் பொறித்த கவிதையும் இன்றும் இருக்கின்றன. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனுக்கு அவருடைய தந்தை 1849இல் கொடுத்த கார்லோவும் நியூஃபவுண்ட்லேண்ட்தான் என்று கருதப்படுகிறது. பதினாறு ஆண்டுகள் அவரோடு நடந்த அந்த நாய் 1866இல் இறந்த செய்தியை அவர் ஒரு நண்பருக்கு எழுதிய மடல் மிகச் சிறியது, படிப்பவர் நெஞ்சை அடைத்துவிடும்.

நான் குறிப்பாகச் சுட்ட விரும்புவது எடின்பரோ மருத்துவர் ஜான் பிரவுன் 1859இல் வெளியிட்ட ‘ராப் அண்ட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்’ என்னும் சிறிய நூலை. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். வண்டிக்காரர் ஒருவரின் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம். மாணவர்கள் நிறைந்த அரங்கில் அவளுக்கு அறுவை நடக்கிறது. கணவனின் முழங்கால்களுக்கிடையே அவர்களுடைய பெரிய மாஸ்டிஃப் நாய் ராப் நின்று அதைப் பார்க்கிறது. எதுவும் புரியாமல், ஆனால் ஏதோ தீங்கு நடக்கிறது என்பது மட்டும் புரிந்து, அது உறுமுகிறது. மனிதர்கள் எவரும் வாய் திறக்காத அந்த அறையில் எழும் அந்த ஓர் ஒலியில் பிரவுன் எத்தனை விஷயங்களை அடக்கிவிட்டார் என்பதைப் படித்துத்தான் உணர வேண்டும். அதற்குமேல் கதையைச் சொல்லமாட்டேன்.

பழைய நூல்களில் உள்ள வளர்ப்பு முறைகளையும் அறிவியல் செய்திகளையும் நம்பலாமா?

அனுபவங்களை நம்பலாம், கோட்பாடுகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரென்ஸ் 1950இல் நாய்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் இன்றும் படிக்க இனியது. ஆனால் பல நாய் இனங்கள் பொன்னிறக் குள்ளநரியிலிருந்து தோன்றியவை என்று அதில் அவர் கருதியது தவறு. பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார். எல்லா நாய்களும் ஓநாய் வழி வந்தவை என்பது மரபணு ஆய்வுகளால் உறுதியாகிவிட்டது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது ‘தலைமை ஓநாய்’ என்ற கருத்தில். கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பான், மற்றவற்றை அவன் அடக்கி வைப்பான், ஆகவே வீட்டில் நாயை நாம் அடக்கி வைக்க வேண்டும் என்று பல பழைய நூல்கள் போதித்தன. நாயைக் கவிழ்த்துப் போட்டு அழுத்திப் பிடிக்கச் சொன்னவையும் உண்டு. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை அடைத்து வைத்துப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வந்த கருத்து இது. இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட ஒரு குடும்பமே. 1970இல் தம் நூலின் மூலம் அக்கருத்தைப் பரப்பிய டேவிட் மெக் என்ற அறிஞரே பிறகு அதை மறுத்து எழுதினார், அந்நூலை மறுபதிப்புச் செய்ய வேண்டாம் என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். எழுபது கிலோ நாயைக் கவிழ்த்துப் போடுவது தேவையற்ற கொடுமை, ஆபத்தும் கூட.

செயின்ட் பெர்னார்ட் நாயின் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்கும் என்ற கதையும் இந்த வரிசையில் சேரும். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் இருந்த துறவியர் விடுதி நாய்கள் பனியில் சிக்கியோரைக் காப்பாற்றியது உண்மை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்வார்கள், அதன் பாடம் செய்த உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீப்பாய் மட்டும் லேண்ட்சீர் என்ற ஓவியர் 1820இல் வரைந்த ஓவியத்தால் பரவியது.

ஒரு நூலைப் படித்து மனம் கரைந்து, அதே இனக் குட்டியை வாங்கலாமா?

வேண்டாம். குறைந்தது, உடனே வேண்டாம். நூலில் முந்நூறு பக்கங்களில் கடந்துபோகும் எச்சிலும் உதிரும் மயிரும் வாழ்க்கையில் நாள்தோறும் துடைக்கப்பட வேண்டியவை. நூலாசிரியர் ஒரு வரியில் சொல்லும் மருத்துவச் செலவு பெரிய நாய்க்கு மருந்தின் அளவு கூடுவதால் பன்மடங்காகும். வளர்ந்த நாய் ஒன்றோடு சில நாள்களைக் கழித்துவிட்டு முடிவெடுங்கள். அதே நூலை இரண்டாம் முறை படிக்கும்போது, அந்த மனிதர் எவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பதை மட்டும் பென்சிலால் கோடிட்டு வாருங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்தபின்னும் ஆசை குறையவில்லை என்றால் அது நல்ல ஆசை.

குழந்தைகளுக்கு எவை பொருந்தும்?

படிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு அலெக்சாண்ட்ரா டே 1985இல் உருவாக்கிய ‘குட் டாக், கார்ல்’ சிறந்தது. பெரும்பாலும் சொற்களே இல்லாத, படங்களால் ஆன கதை. ராட்வைலர் ஒன்று கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறது. சற்றுப் பெரிய பிள்ளைகள் ‘பீட்டர் பேன்’ கதையில் செவிலித்தாயாக வரும் நானாவைச் சந்திக்கலாம். அது நியூஃபவுண்ட்லேண்ட், அதை எழுதிய ஜே. எம். பேரியும் அதே இனத்து நாயை வளர்த்தவர். இவற்றைப் படித்துக் காட்டும்போது, நிஜ வாழ்வில் எவ்வளவு சாதுவான நாயோடும் சிறு குழந்தையைத் தனியே விடுவதில்லை என்பதையும் அருகில் இருக்கும் பெரியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

என் நாய் அண்மையில் இறந்துவிட்டது. இந்நூல்கள் ஆறுதல் தருமா?

சிலருக்குத் தரும். எனக்கு முதல் நான்கு மாதங்கள் தரவில்லை. அலமாரியின் அந்த வரிசையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு நான் முதலில் எடுத்தது சோகமான பகுதிகளை அல்ல, குட்டிக் கால அத்தியாயங்களை. கடித்த செருப்புகளும் கிழித்த தலையணைகளும் நிறைந்த பக்கங்களைப் படித்தபோதுதான், நோயுற்ற கடைசி மூன்று வாரங்கள் என் நினைவில் முழு ஏழு ஆண்டுகளையும் மறைத்துக்கொண்டு நின்றதை உணர்ந்தேன். ஆகவே என் பரிந்துரை, நடுவிலிருந்தோ தொடக்கத்திலிருந்தோ படியுங்கள், முடிவை நீங்கள் முன்பே அறிவீர்கள். ‘நாய்தானே’ என்று சொல்பவர்களோடு வாதிட வலுவில்லாத நாள்களில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தம் நாய்க்குக் கல்லில் கவிதை பொறித்தார் என்பது எனக்குத் துணையாக இருந்தது.

என் நாயைப் பற்றி நானும் எழுத விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

நாய் இருக்கும்போதே தொடங்குங்கள். நூலாக எழுத வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு வரி போதும். ‘மிகவும் அன்பானது’, ‘குறும்புக்காரன்’ போன்ற சொற்களைத் தவிர்த்து, அன்று அது செய்ததை மட்டும், நேரத்தோடும் இடத்தோடும் குறியுங்கள். எடையையும் உயரத்தையும் மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள், பின்னாளில் அந்த எண்களே நினைவுகளை இழுத்து வரும். அது உறங்கும் இடங்கள் மாறுவதைக் கவனியுங்கள். பெரிய நாயின் முதுமை முதலில் அங்கேதான் தெரியும்.

என்னிடம் இருப்பது நான்கு சிறிய குறிப்பேடுகள். மூன்றாவது குறிப்பேட்டில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: “காலை 6.10. மழை விட்டிருந்தது. வாசலில் தேங்கிய நீரில் தன் முகத்தைப் பார்த்துக் குரைத்தது. பிறகு அதைத் தாண்ட மனமில்லாமல், நான் தூக்கிக்கொள்வேன் என்று நம்பி, என்னையே பார்த்தபடி நின்றது. எடை 68 கிலோ.”